மூடியைத் திறந்த செவ்வாய்க்கிழமை

சங்கரலிங்கம் அண்ணாச்சி, எங்கள் ஊர் மாடுகளை மலடு என்று சொல்லிச் சந்தைக்கு ஏற்றிவிட்டது நீங்கள்தான். அவை மலடு இல்லை. அது உங்களுக்கு அன்றைக்கே தெரியும்.

போன வாரம் என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு ரொம்பச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் யாரையும் சிரிக்க வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பேரை மாற்றிப் போடலாமா என்று பத்திரிகையில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். என் பேர் எப்சிபா. அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் பேரை மட்டும் எதற்கு மாற்ற வேண்டும்?

தொண்ணூறுகளின் தொடக்கம். பிசான நெல் பால் பிடித்து நின்ற சமயம். தச்சநல்லூரிலிருந்து ஆற்றை ஒட்டிக் கிழக்கே போனால் எங்கள் ஊர். பால் சங்கத்து முற்றத்தில், மாட்டை அடைத்து நிறுத்தும் கம்பிச் சட்டத்துக்குள் பேச்சியக்காவின் பசு நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பசுவுக்கு 'டீச்சர்' என்று பேர். பாளையங்கோட்டையில் ஒரு டீச்சர் வீட்டில் வாங்கியது. செவலை நிறம், ஜெர்சிக் கலப்பு. தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்கும். வகுப்புக்குள் நுழைவது மாதிரி இருக்கும்.

ஆறுமுகம் அண்ணாச்சி கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நானும் பருவத்துக்குப் பருவம் போட்டுப் பாத்துட்டேன். இது சினை பிடிக்காது."

அவர்தான் சங்கத்தில் சினை ஊசி போடுகிறவர். தலைவர் சங்கரலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஏலே சுடலை, இதுக்கு இனிமே தீவனம் போடுதது வீண். மலட்டு மாடு. செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு ஏத்தி விட்டுரு" என்றார்.

சுடலை பேச்சியக்காவின் புருஷன். அவன் தலையை ஆட்டினான். அக்கா ஆட்டவில்லை.

"ஒரு கன்னு போட்ட மாடுதானே அண்ணாச்சி. அது எப்படி மலடாவும்?"

"மொதக் கன்னுக்குப் பொறவு மலடாப் போறதும் உண்டும்மா. அது மாட்டுக்க அமைப்பு. நாம என்ன செய்ய முடியும்?"

நான் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுதான் எனக்கு அங்கே கொடுத்திருந்த வேலை. ஊசி போடப் பயிற்சி முடித்து வந்தவள் நான். ஆனால் வால் பிடிக்கலாம், வாளியில் தண்ணீர் கொண்டுவரலாம், ஊசியைத் தொடக் கூடாது.

"மாட்டைக் குத்தம் சொல்லாதிய. அடுத்த பருவத்த எனக்குக் குடுங்க. நான் போடுதேன்" என்றேன்.

பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் சிரித்தார்.

"ஒரு பொம்பள மாட்டுக்குள்ள கைய விட்டா ஊரு என்ன சொல்லும்?"

"மாடும் பொம்பளதான் அண்ணாச்சி."

சிரிப்பு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அவருக்கு முகம் கறுத்தது. "சரி. பிடிக்கலைன்னா?" என்று கேட்டார்.

"மாட்ட ஏத்திருங்க. நானும் இந்த வேலைய விட்டுட்டுப் பீடி சுத்தப் போயிருதேன்."

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்று தலைவர் கையைத் தூக்கிக் காட்டினார். பேச்சியக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவள் வீட்டில் இருந்த ஒரே மாடு அது. நான் பேசியது என் வேலையைப் பற்றி மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு கை வளையல்

இந்த வேலைக்கு நான் எப்படிப் போனேன் என்று கேட்பார்கள். ஆசைப்பட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரர் செல்லத்துரை தச்சநல்லூரில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அவர் முதுகு பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாவது படித்த ஆள் வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஊரில் படித்த ஆண்கள் எல்லாம் காயல்பட்டினத்துக்காரர்கள் மாதிரி வளைகுடாவுக்குப் போவதற்குப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்கள். மாட்டின் பின்னால் நிற்க எவனும் வரவில்லை. நான் போனேன்.

பயிற்சியில் முதல் நாளே இடது கை வளையலைக் கழற்றச் சொன்னார்கள். இடது கைதான் உள்ளே போக வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வளையல் கீறினால் மாட்டுக்குள் புண்ணாகும்.

ஒரு கையில் வளையலும் ஒரு கை மொட்டையுமாக வீட்டுக்கு வந்தேன். மாமியார் வேதப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"எம் புள்ள குத்துக்கல்லு மாதிரி இருக்கான். நீ யாருக்குட்டி வளையலக் கழத்துன?"

செல்லத்துரை கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "குத்துக்கல்லு எங்கம்மா, குத்துக்கல்லு நிமிந்துல்லா நிக்கும். எனக்குத்தான் முதுகே நிமிர மாட்டேங்கே."

அவர் ஒருவர்தான் அந்த வீட்டில் என்னைச் சிரிக்க வைத்தார். பிற்பாடு சைக்கிளை மிதித்து என்னை ஊர் ஊராகக் கொண்டுபோனதும் அவர்தான்.

பயிற்சி மையத்தில் அறுத்த மாட்டின் கருப்பையைக் கொண்டுவந்து தட்டில் வைப்பார்கள். ஊசிக் குழாயில் நீல மை இருக்கும். கருப்பை வாய் வழியாக அதை விட்டு மையை இறக்க வேண்டும். பிறகு அறுத்துப் பார்ப்பார்கள். மை எங்கே விழுந்திருக்கிறதோ அதுதான் நம்முடைய லட்சணம்.

முதல் தடவை என் மை வாசலுக்கு வெளியிலேயே நின்றது. அடுத்த தடவை வேகமாகத் தள்ளிவிட்டேன். கருப்பை உள்ளே இரண்டு கொம்பாகப் பிரியும். மை ஒரு கொம்பின் கடைசியில் போய் விழுந்திருந்தது. பயிற்சி கொடுத்தவர் முகத்தைச் சுளித்து, "ரெண்டு மாடும் போச்சு" என்றார்.

வாயைத் தாண்டியவுடன் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கேதான் விட வேண்டும். ஒரு விரல் அகலம் முன்னே பின்னே போனால் வீண். இது காளையின் குற்றமும் இல்லை, பசுவின் குற்றமும் இல்லை. கையின் குற்றம்.

நீல மையை நான் சரியான இடத்தில் இறக்கிய நாளில் எனக்கு வந்த திமிர் இன்று வரை இறங்கவில்லை. எதற்கு இறங்க வேண்டும்?

புகை

இப்போது சங்கத்துக் கதைக்கு வருகிறேன்.

காளை விந்து குச்சி மாதிரி மெல்லிய குழல்களில் அடைத்து வரும். பெரிய அலுமினியப் பாத்திரம் ஒன்றில் திரவ நைட்ரஜனுக்குள் அமிழ்ந்து கிடக்கும். அந்தக் குளிர் நாம் கண்ட குளிர் இல்லை. ஐஸ் அதன் பக்கத்தில் அடுப்பு மாதிரி. பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கும்.

தலைவருக்கு அந்தப் புகையின் மேல் ஒரு பக்தி. புகையில்தான் சத்து இருக்கிறது, அடிக்கடி திறந்தால் சத்து போய்விடும் என்று நம்பினார். அதனால் ஒரு சட்டம் போட்டார். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மூடியைத் திறக்க வேண்டும். சாவி அவர் இடுப்பில்.

ஆறுமுகம் அண்ணாச்சி என்ன செய்வார்? காலையில் அன்றைக்கு வேண்டிய குச்சிகளையெல்லாம் மொத்தமாக எடுப்பார். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் போடுவார். பிளாஸ்க்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வெயிலில் ஊர் ஊராகச் சுற்றுவார். மத்தியானம் சங்கத்துக்குத் திரும்பி வந்து, மிச்சம் இருக்கும் குச்சியை எங்கள் ஊர் மாடுகளுக்குப் போடுவார்.

அவர் வேலை கற்ற காலத்தில் விந்து உறைய வைத்து வரவில்லை. தண்ணீர் மாதிரி வரும், ஐஸில்தான் வைப்பார்கள். அன்றைக்கு அது சரி. உறைந்த குச்சி வந்த பிறகும் அவர் பிளாஸ்க்கை விடவில்லை. குச்சி ஐஸில் உருகிவிடும். உருகியதை உடனே போட்டுவிட வேண்டும். மத்தியானம் வரை சுமந்தால் அதில் உயிர் எங்கே மிஞ்சும்?

நான் அவரிடமே சொன்னேன். "அண்ணாச்சி, குச்சிய எடுத்த கையோட வெதுவெதுப்பான தண்ணியில போட்டு, உடனே மாட்டுக்குப் போடணும்."

"சுடுதண்ணியிலயா? வெந்து போவாதாளா? நா எத்தன வருசமா ஐஸுல வச்சிப் போடுதேன்."

"இப்ப வாரது வேற அண்ணாச்சி."

"காளை மாறிட்டா? இல்லல்லா? பின்ன என்ன வேற?"

வெளியூர்களுக்கு எடுத்துப் போவதற்கென்றே ஒரு சின்ன நைட்ரஜன் பாத்திரம் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அது அலமாரிக்கு மேலே இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை. வெளியே எடுத்தால் அடிபட்டுவிடுமாம். பூஜை செய்வார்கள், வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

நான் தலைவரிடமும் சொன்னேன். கால்நடை டாக்டரும் ஒரு முகாமில் என் எதிரிலேயே அவரிடம் சொன்னார். தலைவர் எல்லாவற்றுக்கும் "பாப்போம்" என்றார். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் தெரு வழியாக மினி லாரி போய்க்கொண்டே இருந்தது. மாடுகள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகும். ஆகவே தெரியாமல் செய்தார் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

இப்போது போடு, இல்லையென்றால் ஏற்று

டீச்சருக்கு அடுத்த பருவம் வந்தது. நேரம் பார்த்துச் செவ்வாய்க்கிழமையிலேயே வந்தது.

மாடு கத்தினால் மட்டும் போதாது, பக்கத்து மாடு மேலே ஏறும்போது நகராமல் நிற்கிறதா என்று விடியற்காலையில் பார் என்று பேச்சியக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். விடிந்தும் விடியாமலும் ஓடி வந்தாள்.

"எப்சி, நிக்கிட்டி. அடுத்த வீட்டுக் கெடாரி ஏறுச்சி, சிலை மாதிரி நிக்கி."

நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழும்பு வால் ஓரத்தில் தொங்கியது. நல்ல பருவம்.

தொழுவத்து வாசலில் மினி லாரி நின்றது. சுடலை ஏற்கெனவே வியாபாரியிடம் சொல்லிவிட்டிருந்தான். தலைவர் கொடுத்த தைரியம். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே நின்றார்.

"பருவம் வந்துட்டுல்லா? போடு. இல்லன்னா வண்டி போவுது" என்றான் சுடலை.

"இப்பப் போட மாட்டேன். சாயங்காலம் போடுதேன்."

"ஏன், கை நடுங்குதோ?" என்றார் தலைவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டுக் காட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. அவசரப்பட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"மாடு நிக்குத நேரம் வேற, முட்டை எறங்குத நேரம் வேற அண்ணாச்சி. காலையில நின்னா சாயங்காலம் போடணும். ராத்திரி விருந்துக்கு இப்பமே போய் எலையப் போட்டு உக்காந்தா யாரு வெளம்புவா?"

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. சுடலை, அவுத்து ஏத்துலே."

சுடலை கயிற்றில் கையை வைத்தான். பேச்சியக்கா மாடு கட்டியிருந்த முளையின் மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏத்தணும்னா என்னையும் சேத்து ஏத்து. சந்தையில ரெண்டு பேரும் நிக்கோம். நீ வெல பேசு."

சுடலை கயிற்றை விட்டுவிட்டான். லாரியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வியாபாரிதான் சொன்னார்: "எனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? சந்தை முடிஞ்சி இந்த வழியாத்தான் வருவேன். அதுக்குள்ள அந்தப் புள்ள ஊசியப் போட்டுட்டுன்னா மாடு ஒங்களுக்கு. போடலன்னா எனக்கு."

வண்டி போய்விட்டது. எங்களுக்குச் சாயங்காலம் வரை நேரம்.

பால் வரிசை

மாட்டை வெயிலில் சங்கத்துக்கு நடத்திக் கொண்டுபோக எனக்கு மனம் இல்லை. அது நின்ற தொழுவத்திலேயே போட வேண்டும். அதற்கு அந்தச் சந்தனம் பூசிய சின்னப் பாத்திரம் வேண்டும். பெரிய பாத்திரத்தின் மூடியையும் திறந்தாக வேண்டும்.

சாயங்காலப் பாலுக்குப் பெண்கள் வரிசையில் நின்ற நேரம் சங்கத்துக்குப் போனேன். தலைவர் நாற்காலியில் இருந்தார்.

"சாவி தாங்க."

"காலையிலயே மூடி தெறந்தாச்சி. ஆறுமுகம் பிளாஸ்க்குல மிச்சம் கெடக்கும். வாங்கிக்கோ."

"செத்ததப் போட்டுட்டு மாட்ட மலடுன்னு சொல்லவா? மூடியத் தெறங்க."

"சட்டம்னா சட்டம்தாம்மா."

வரிசையில் முதலில் நின்றவள் பொன்னுத்தாய். அதிகம் பேச மாட்டாள். அவளுடைய கறுப்புப் பசுவை முந்தின வருஷம் இதே மலட்டுப் பட்டம் கட்டித்தான் லாரியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து வீட்டுப் பாலைக் கூலிக்குக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். மூடியை எடுத்து அழுத்தி மூடினாள்.

"நீங்க மூடியத் தெறங்க அண்ணாச்சி. பொறவு நாங்க தெறக்கோம்."

பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வாளியைக் கீழே வைத்தார்கள். மூடிகள் விழும் சத்தம் வரிசை நெடுகப் போனது. பால் அளக்கும் பையன் அளவுக் குவளையைக் கையில் பிடித்தபடி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

"என்னளா இது, எல்லாரும் கூடிப் பேசிட்டு வந்தியளா?" என்றார் தலைவர்.

"பேசலையே. இப்பத்தான் தோணுச்சி" என்றாள் பொன்னுத்தாய்.

ரோட்டில் பால் வேன் ஹாரன் அடித்தது. வேன் காத்திருக்காது. பால் இல்லாமல் போனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் தலைவர். சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் எறிந்தார்.

நான் மூடியைத் திறந்தேன். புகை வழிந்து என் கால்களை மூடியது. பெண்கள் ஓரடி பின்னால் போனார்கள். புகை தரையில் படர்ந்து காணாமல் போனது. குச்சிகள் உள்ளே அப்படியே கிடந்தன. அன்று வரை ஊரையே ஆட்டி வைத்த புகை அவ்வளவுதான்.

சின்னப் பாத்திரத்தில் நைட்ரஜனை ஊற்றி, குச்சியை மாற்றி, சந்தனத்தைப் புடவையால் துடைத்தேன். செல்லத்துரை சைக்கிளோடு வாசலில் நின்றார். முதுகு வலி அவருக்கு. இருந்தாலும் மிதித்தார்.

"பைய போங்க, குலுங்கப்போவுது."

"ஒன்னச் சொல்லுதியா, சாமானச் சொல்லுதியா?"

உள்ளே போன கை

தொழுவத்தில் ஊரே நின்றது. சினிமாவுக்கு வந்த மாதிரி.

வெதுவெதுப்பான தண்ணீரை வெப்பமானி வைத்துப் பார்த்து எடுத்தேன். குச்சியைப் பாத்திரத்தின் கழுத்துக்கு மேலே நிறுத்தி வைக்காமல் ஒரே எடுப்பில் தண்ணீருக்கு மாற்றினேன். உருகியதும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தேன். நுனியை வெட்டி ஊசிக் குழாயில் ஏற்றினேன். குழாய் மறுபடி குளிர்ந்துவிடக் கூடாது. உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். நின்றுவிட்டது.

இடது கையை உள்ளே விட்டேன். சாணத்தை எடுத்துவிட்டுக் கீழே துழாவினேன். கருப்பை வாய் கோழிக் கழுத்து மாதிரி விறைப்பாக இருக்கும். டீச்சருக்கு அது நேராக இல்லை. வலது பக்கம் ஒதுங்கி வளைந்து கிடந்தது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆறுமுகம் அண்ணாச்சி கை முரட்டுக் கை. நேராக விட்டு, தட்டிய இடத்தில் இறக்கிவிட்டு வந்திருப்பார். குச்சியிலும் உயிர் இல்லை, போட்ட இடமும் சரியில்லை. பழி மட்டும் மாட்டின் தலையில்.

சாணக் குடலின் சுவர் வழியே அந்தக் கழுத்தைப் பிடித்து நேராக்கி, வலது கையால் குழாயைக் கீழ் வாசலில் விட்டேன். கருப்பை வாயைத் தொட்டதும் குழாயைத் தள்ளவில்லை. குழாயை அப்படியே வைத்துக்கொண்டு கருப்பை வாயை அதன் மேல் ஏற்றினேன். உள்ளே வளையம் வளையமாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கடந்தது. கடைசி வளையம் தாண்டியதும் குழாயின் நுனி என் விரலில் தட்டியது. அங்கேயே நின்றேன்.

பைய, ரொம்பப் பைய இறக்கினேன். டீச்சர் ஒரு தடவை மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

"முடிஞ்சிட்டா?" என்றான் சுடலை. அவனுக்கு ஏமாற்றம். ஆறுமுகம் அண்ணாச்சி போட்டால் மாடு துள்ளும், நாலு பேர் பிடிப்பார்கள். போட்டு முடித்ததும் மாட்டின் முதுகில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டி ஓங்கி ஒரு அறை விடுவது ஊர் வழக்கம். அவன் தண்ணீர்க் குடத்தோடு தயாராக நின்றான்.

"அந்தத் தண்ணிய மாட்டுக்குக் குடிக்க வை" என்றேன்.

வியாபாரி வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். பேச்சியக்கா என்னைக் கைகாட்டி, "போட்டாச்சி" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கத்தல்

அடுத்த பருவம் வர வேண்டிய வாரத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மாடு பருவத்துக்குக் கத்தினால் சினை நிற்கவில்லை, நான் தோற்றேன் என்று அர்த்தம்.

ஒரு காலையில் கத்தியே விட்டது. சுடலை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். "டீச்சர் கத்திட்டு. எப்சிபா பீடித் தட்டத் தேடட்டும்."

ஓடினேன். பேச்சியக்கா தொழுவத்தில் தலையில் அடித்துக்கொண்டு நின்றாள்.

"இவன் கெடக்கான் கூறு கெட்டவன். தவிடு வைக்க நேரமாயிட்டு, அதுக்குக் கத்துது."

தவிட்டுத் தொட்டியை வைத்ததும் கத்தல் நின்றது. பக்கத்து வீட்டுக் கிடாரியைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தோம். டீச்சர் அதை முட்டித் தள்ளியது. எனக்கு அந்தக் கிடாரியைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அறுவடை முடிந்து, வைக்கோல் படப்பு போட்ட சமயம் சங்கத்து முற்றத்தில் கால்நடை முகாம் நடந்தது. டீச்சர் கம்பிச் சட்டத்துக்குள் நடந்து போய் நின்றது. டாக்டர் கையுறை போட்டு உள்ளே கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் நாற்காலியில் கால் மேல் கால் போட்டிருந்தார்.

டாக்டர் கையை எடுத்தார்.

"சினை. நல்லா நிக்கி. யாரு போட்டது?"

பேச்சியக்கா என் இடது கையைப் பிடித்துத் தூக்கினாள். வளையல் இல்லாத கை. பொன்னுத்தாய் குலவை இட்டாள். முற்றம் முழுவதும் பெண்கள் குலவை இட்டார்கள். அந்தச் சத்தத்தில் டீச்சர் மிரண்டு கம்பியில் உதைத்தது. வேதக் கோயில் வீட்டு மருமகளுக்கு இந்துப் பெண்கள் குலவை இட்டது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை என்று மாமியாரே பிறகு பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி எழுந்து, "தீவனம் நல்லா போட்டுருப்பாவ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆறுமுகம் அண்ணாச்சி போகவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த வளைஞ்ச கழுத்த எப்படிப் பிடிச்ச?"

"காட்டுதேன், வாங்க" என்றேன். அங்கே நின்ற வேறொரு மாட்டில் காட்டினேன். அவர் அதற்குப் பிறகு மூடியை வேண்டும்போதெல்லாம் திறந்தார். தலைவரிடம் சண்டை போட்டே திறந்தார். அந்த ஐஸ் பிளாஸ்க்கில் எங்கள் இருவருக்கும் காப்பி வாங்கி வருவார். அவர் இன்று இல்லை. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

டீச்சர் கிடாரிக் கன்று போட்டது. தலையை நிமிர்த்திக்கொண்டே போட்டது என்று பேச்சியக்கா சொல்வாள். நான் பீடி சுற்றப் போகவில்லை. சீவலப்பேரியிலிருந்துகூட மாட்டுக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். செவ்வாய்க்கிழமை லாரி எங்கள் தெருவுக்குள் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது.

பதில் சொல்லுங்கள்

இவ்வளவையும் எதற்கு எழுதினேன்?

சமீபத்தில் சங்கத்தில் ஒரு விழா. சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். "முன்னே நம்ம ஊர் மாடுகள்லாம் மலடு. என் காலத்துலதான் நல்ல காளை விந்து வந்து நிலைமை மாறுச்சி" என்றார். பெண்கள் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கேட்டேன்.

அண்ணாச்சி, காளை மாறவில்லை. குச்சி மாறவில்லை. குச்சி கொண்டுவந்த வண்டிகூட மாறவில்லை. மாறியது கை. மாறியது நீங்கள் போட்ட சட்டம். அதை மாற்றியது நீங்கள் இல்லை.

என்னைப் பாராட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. என்னைப் பாராட்ட நானே போதும்.

நான் கேட்பது வேறு. மாடு மலடு என்று நீங்கள் சொன்னபோது, அந்த வீட்டுப் பெண்களையும் ஊர் ஒரு மாதிரி பார்த்தது. பராமரிக்கத் தெரியாதவள் என்றார்கள். கை ராசி இல்லாதவள் என்றார்கள். பொன்னுத்தாயை அவள் மாமியார் தொழுவத்துக்குள்ளேயே விடவில்லை. அவள் இன்றும் அதே வரிசையில்தான் வாளியோடு நிற்கிறாள்.

பால் ஊற்றும் நேரத்தில் வாருங்கள். எல்லாரும் இருப்பார்கள். மைக் வேண்டாம், உங்கள் குரல் போதும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் கறுப்புப் பசு மலடா, இல்லையா?